தகட்டுக்குள் ஒரு கப்பல்

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "ஏதாவது எழுதிக் கொடுப்பா, பழைய ஞாபகமா இருந்தாலும் சரி" என்று சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஹாஸ்டல் மெஸ்ஸும் அல்ல, ஆண்டு விழாவும் அல்ல. முதலாண்டு ஒர்க்‌ஷாப்பின் தகர மேஜைதான். ஜி.ஐ. ஷீட்டில் ஒரு சின்னத் தட்டு செய்ய வேண்டும். நான் ஷீட்டின் நட்ட நடுவில், பார்க்க அழகாகக் கோடு போட்டு வெட்டத் தொடங்கினேன். பின்னால் வந்து நின்ற இன்ஸ்ட்ரக்டர், "ஏம்ப்பா, நடுவுல வெட்டிட்டா சுத்தி நிக்கிறதை என்ன பண்றது? ஓரத்துலேருந்து வா. அடுத்தவனுக்கும் இடம் வேணும்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்து வைத்தேன்.

அன்று அவர் சொன்ன அந்த வார்த்தையை வைத்துத்தான் இன்று நான் சம்பளம் வாங்குகிறேன் என்றால் நம்புவீர்களா? கப்பல் கட்டும் தொழிலில் இந்த வேலைக்கு 'நெஸ்டிங்' என்று பெயர். ஒரு பெரிய இரும்புத் தகட்டில் எந்தெந்த உறுப்புகளை எங்கெங்கே வைத்து வெட்டினால் கழிவு குறையும் என்று முன்கூட்டியே அடுக்கிப் பார்க்கும் வேலை. இந்தச் சின்ன வேலைக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. படிக்கும்போது எனக்கு யாரும் சொல்லாத அந்தச் சரித்திரத்தை, இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்லலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

பூரி மாவும் இரும்புத் தகடும்

வீட்டில் சில சமயம் பெரிய சப்பாத்தியாகத் தேய்த்து, டப்பா மூடியால் வட்ட வட்டமாகப் பூரி வெட்டுவார்கள். வரிசைக்கு நேராக வரிசை வைத்து வெட்டினால் மாவில் 78.5 சதவீதம்தான் பூரியாகும். ஒரு வரிசையின் இடுக்கில் அடுத்த வரிசை உட்காரும்படி, தேன்கூடு மாதிரி வெட்டினால், எவ்வளவு பெரிய மாவாக இருந்தாலும் அதிகபட்சம் 90.7 சதவீதம். அதற்கு மேல் ஒரே அளவு வட்டங்களை அடுக்கவே முடியாது என்பது கணிதத்தில் நிரூபணமான விஷயம். மிச்ச மாவை அம்மா மறுபடி பிசைந்து அடுத்த பூரி போட்டுவிடுவார்கள். இரும்புத் தகட்டுக்கு அந்த வசதி கிடையாது. மிஞ்சியது ஸ்கிராப். உலைக்குப் போய்த் திரும்பத் தகடாக வரவேண்டும். தகட்டை வாங்கிய விலை வேறு, ஸ்கிராப் விற்கும் விலை வேறு.

ஒரு கணக்குப் போடுவோம். 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 10 மி.மீ. கனமுள்ள ஒரு தகட்டின் எடை சுமார் 2,826 கிலோ. 10,000 டன் தகடு வாங்கிக் கட்டும் ஒரு கப்பலில் ஒரே ஒரு சதவீதம் மிச்சப்படுத்தினால் 100 டன். அதாவது இந்த அளவுத் தகடு 35. அதனால்தான் கப்பல் தளங்களில் ஒரு சதவீதத்துக்காக மணிக்கணக்கில் சண்டை நடக்கும்.

சட்டைத் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டருக்கும் இதே தலைவலி உண்டு. ஆனால் அவருக்கு வருவது ஏறக்குறைய ஒரே மாதிரி துண்டுகள். கப்பலில் அப்படி இல்லை. முன்பக்கமும் பின்பக்கமும் வளைந்து குறுகுவதால் அங்கே அடுத்தடுத்த இரண்டு குறுக்குச் சட்டங்கள்கூட ஒரே வடிவில் இருப்பதில்லை. கனமும் வேறு, இரும்பின் தரமும் வேறு. 12 மி.மீ. உறுப்பை 10 மி.மீ. தகட்டில் வெட்ட முடியாது. முக்கோண பிராக்கெட்டுகள் இருக்கின்றன. இரண்டைத் தலைகீழாகச் சேர்த்து வைத்தால் ஒரு செவ்வகம் ஆகிவிடும், கழிவே இல்லை. ஆள் நுழையவும் எடை குறைக்கவும் பெரிய உறுப்புகளில் ஓட்டை போடுவார்கள். அந்த ஓட்டையிலிருந்து விழும் துண்டிலேயே சின்ன பிராக்கெட் வெட்டிக்கொள்ளலாம். இந்த மாதிரித் தந்திரங்களை முதலில் கண்டுபிடித்தது எந்தக் கணிப்பொறியும் அல்ல. முழங்காலிட்டுத் தரையில் கோடு போட்டவர்கள்தான்.

மாடியில் வரைந்த கப்பல்

மரக் கப்பல் காலத்திலிருந்தே கப்பல் தளங்களில் 'மோல்ட் லாஃப்ட்' என்று ஒரு கூடம் இருந்தது. பெரும்பாலும் ஏதாவது ஒரு கொட்டகையின் மாடியில் இருக்கும். லாஃப்ட் என்ற பெயரே அதனால்தான் வந்தது. தூண் குறுக்கிடாத நீண்ட மரத்தளம். அதன்மேல் கப்பலின் கோடுகளை முழு அளவில் வரைவார்கள். வளையும் நீண்ட மரச்சட்டத்தை ஆணிகளுக்கிடையே வளைத்து வைத்து, கண்ணால் பார்த்தே வளைவு சீராக இருக்கிறதா என்று தீர்மானிப்பார்கள். கோடு சரியானதும், மெல்லிய மரப்பலகையில் ஒவ்வொரு உறுப்புக்கும் அதே அளவில் ஒரு டெம்ப்ளேட் செய்து கீழே அனுப்புவார்கள்.

இரும்புக் கப்பல் வந்த பிறகு இந்த வேலை பல மடங்காகியது. பிரிட்டனில் புரூனல் வடிவமைத்து, ஸ்காட் ரஸ்ஸலின் தளத்தில் உருவாகி, 1858 ஜனவரியில் தேம்ஸ் நதியில் இறங்கிய 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பலில் சுமார் 30,000 இரும்புத் தகடுகளும் 30 லட்சம் ரிவெட்டுகளும் இருந்தன. 211 மீட்டர் நீளம். அந்தக் காலத்துக்கு நினைத்துப் பார்க்க முடியாத அளவு. எல்லாத் தகட்டுக்கும் அளவெடுத்துக் குறித்து, ரிவெட் ஓட்டைகளைக் குத்தி, பக்கத்துத் தகட்டோடு ஓட்டைக்கு ஓட்டை பொருந்த வைத்தது மனிதக் கையும் கண்ணும்தான்.

இந்த ஏற்பாட்டில் கழிவைத் தீர்மானித்தவர் மார்க்கிங் ஆள். டெம்ப்ளேட்டைத் தகட்டின்மேல் வைத்து, நகர்த்தி, திருப்பி, சாக்பீஸால் கோடு போட்டு, பஞ்சால் குத்திக் குறிப்பார். கெட்டிக்காரராக இருந்தால் ஒரு தகட்டில் கூடுதலாக ஒரு துண்டு கிடைக்கும். அந்தக் கெட்டிக்காரத்தனம் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. ஒருவர் ஓய்வு பெற்றால் அதுவும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். ஒரு நேரத்தில் ஒரு தகடுதான் அவர் கண் முன்னால் இருக்கும் என்பது இன்னொரு குறை. அடுத்த வாரம் வரப்போகும் தகட்டை நினைத்து இன்றைய தகட்டில் இடம் விட அவரால் முடியாது.

நெருப்பால் வெட்டியபோது

கத்தரி இயந்திரத்தால் தகட்டை வெட்டிய காலத்தில் நேர்கோட்டு வெட்டுதான் சுலபம். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்ஸி-அசிட்டிலின் சுடர் வந்தது. தகட்டின் நடுவிலும் வளைத்து வெட்டலாம் என்றானது. பிறகு ரிவெட்டின் இடத்தை வெல்டிங் பிடித்தது. ரிவெட் அடிக்க ஒரு தகட்டின்மேல் இன்னொரு தகடு ஏறி நிற்க வேண்டும். வெல்டிங்கில் ஓரத்தோடு ஓரம் சேர்த்தால் போதும். ஏறி நின்ற அந்தப் பட்டை இரும்பு அப்படியே மிச்சம்.

இரண்டையும் பெரிய அளவில் பயன்படுத்திக் காட்டியது இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா கட்டிய லிபர்ட்டி கப்பல்கள். 1941 முதல் 1945 வரை மொத்தம் 2,710 கப்பல்கள். 1942 நவம்பரில் கலிபோர்னியாவின் ரிச்மண்டில் 'ராபர்ட் இ. பியரி' என்ற கப்பல், அடிச்சட்டம் வைத்த 4 நாள் 15 மணி நேரத்தில் தண்ணீரில் இறங்கியது. நாலு நாளில் கப்பலா என்று வியப்பதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். தகடெல்லாம் முன்பே வெட்டி, பெரிய பெரிய பாகங்களாக முன்பே இணைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். ஒரே வரைபடத்தில் ஆயிரக்கணக்கான கப்பல்கள் என்பதால், ஒரு தகட்டை எப்படி வெட்டுவது என்று ஒருமுறை யோசித்தால் அது மறுபடி மறுபடி பலன் கொடுத்தது. யோசிக்கும் இடம் தகட்டின் பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல வரைபட மேஜைக்கு நகரத் தொடங்கியது.

போர் முடிந்ததும் இந்த வித்தை ஜப்பானுக்குப் போனது. யமாட்டோ போர்க்கப்பல் உருவான குரே கடற்படைத் தளத்தின் ஒரு பகுதியை 1951-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனி குத்தகைக்கு எடுத்தது. லிபர்ட்டி கப்பல் தளங்களில் பழகிய எல்மர் ஹான் அங்கே பொறுப்பேற்றார். மற்ற ஜப்பானியத் தளங்களின் பொறியாளர்கள் வந்து பார்க்க அங்கே தடையில்லை. பார்த்தார்கள், கற்றார்கள், மேம்படுத்தினார்கள். 1956-ல் பிரிட்டனை முந்தி உலகிலேயே அதிகக் கப்பல் கட்டும் நாடானது ஜப்பான்.

பத்தில் ஒன்று

1950-களில் ஐரோப்பாவில் இன்னொரு மாற்றம் பரவியது. முழு அளவில் தரையில் வரைவதற்குப் பதில், பத்தில் ஒரு பங்கு அளவில் மேஜையில் வரைவது. வெயிலுக்கும் ஈரத்துக்கும் சுருங்காத ஷீட்டில், மிக நுட்பமான கோடு. 12 மீட்டர் தகடு மேஜையில் 1.2 மீட்டராகிவிடும். அதே அளவில் உறுப்புகளையும் வரைந்து, தகட்டின் எல்லைக்குள் நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்க்கலாம். கழுத்து வலிக்கும், முழங்கால் வலிக்காது! பொருத்தியதை அப்படியே ஓர் இயந்திரத்தின் மின்கண் பின்தொடர, மறுபுறம் சுடர் பத்து மடங்கு பெரிதாக வெட்டிக்கொண்டு போகும்.

இன்னொரு முறையில் படத்தை நூறில் ஒரு பங்காகப் போட்டோ எடுத்து, இருட்டு அறையில் உயரத்திலிருந்து தகட்டின்மேல் சினிமா மாதிரி ஒளி பாய்ச்சி, விழும் கோட்டின்மேல் பஞ்சால் குத்தினார்கள். வரைகலை வகுப்பில் 'பென்சிலைக் கூராக்கு' என்று திட்டு வாங்கியவர்கள் கவனிக்க: பத்தில் ஒன்றில் 0.1 மி.மீ. தவறினால் தகட்டில் 1 மி.மீ. நூறில் ஒன்றில் அதே தவறு 10 மி.மீ.!

அடுக்கும் வேலை இப்படி முழுசாக வெட்டும் இடத்தை விட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது. ஆனாலும் அடுக்கியது மனிதனின் கண்தான். எது சிறந்த அடுக்கு என்று கணக்கால் சொல்ல முடியுமா? அந்தக் கேள்வியைக் கப்பலுக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஒருவர் அதற்குள் கேட்டுவிட்டிருந்தார்.

லெனின்கிராட் பேராசிரியர்

லியோனிட் கான்டரோவிச் 22 வயதில் பேராசிரியர் ஆனவர். தூய கணிதக்காரர். 1938-ல் சோவியத் ஒட்டுப்பலகைத் தொழிலின் ஆய்வகத்தார் ஒரு சந்தேகத்தோடு அவரிடம் வந்தார்கள். எட்டு இயந்திரம், ஐந்து வகை மரம். எதை எதில் போட்டால் உற்பத்தி அதிகமாகும்? கேட்பதற்கு எளிது. வழக்கமான முறையில் போட்டால் முடிவே இல்லாத கணக்கு. அவர் புது வழி கண்டுபிடித்தார். 1939-ல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். தகடு, மரம் போன்றவற்றை வெட்டும்போது கழிவைக் குறைப்பதும் அந்த நூலில் அவர் எடுத்துக்கொண்ட கணக்குகளில் ஒன்று. நாம் லீனியர் புரோகிராமிங் என்று அரியர் வைத்துப் படித்தோமே, அதன் பிறப்பு இதுதான். 1975-ல் கூப்மன்ஸுடன் சேர்த்து அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

போருக்குப் பின் அவரும் ஜல்கல்லர் என்ற இளம் வடிவகணித அறிஞரும் லெனின்கிராடில் ரயில் பெட்டி கட்டும் ஒரு தொழிற்சாலையில் இந்த முறையை நடைமுறைப்படுத்தினார்கள். 1951-ல் இருவரும் சேர்ந்து வெட்டுக் கணக்குக்கென்றே ஒரு நூல் எழுதினார்கள். தொழிற்சாலையில் கழிவு நன்றாகக் குறைந்தது. பாராட்டு விழா நடந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? வந்தது தலைவலி. ஒவ்வொரு தொழிற்சாலையும் ஆண்டுக்கு இவ்வளவு பழைய இரும்பு ஒப்படைக்க வேண்டும் என்று அரசுத் திட்டத்தில் ஓர் இலக்கு இருந்தது. கழிவு குறைந்ததால் ஸ்கிராப் இலக்கு நிறைவேறவில்லை. நிர்வாகம் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கான்டரோவிச் பின்னாளில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கதை அல்ல இது. எதை அளக்கிறோமோ அதைத்தான் காப்பாற்றுவோம். அளவுகோல் தப்பாக இருந்தால் நல்ல வேலையும் குற்றமாகத் தெரியும். இதே பாடத்தை நானும் படித்தேன், வேறு விதமாக. அதைப் பிறகு சொல்கிறேன்.

மேற்கிலே, ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்கள் கில்மோரும் கோமரியும் 1961-ல் காகிதச் சுருள் வெட்டுவதற்கு ஒரு வழி தந்தார்கள். வெட்டும் விதங்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம், எல்லாவற்றையும் எழுதிப் பார்க்கத் தேவையில்லை, கணக்கை இன்னும் மேம்படுத்தக்கூடிய வெட்டை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்துக்கொண்டு போனால் போதும் என்பது அவர்கள் யோசனை. இன்றுவரை காகித ஆலைகளில் பயன்படுகிறது. ஆனால் காகிதச் சுருளில் அகலம் ஒன்றுதான் பிரச்சினை. கப்பலின் கோணல்மாணல் துண்டுகளுக்கு இது போதாது.

தளம் போனது, புரோகிராம் நின்றது

1960-களின் தொடக்கத்தில் நார்வேயில் ஒரு கூட்டணி உருவானது. ஆஸ்லோவின் மத்தியத் தொழில் ஆராய்ச்சி நிலையம், கப்பல் தளங்கள், கோங்ஸ்பர்க் ஆயுதத் தொழிற்சாலை மூன்றும் கைகோத்தன. எண்களைப் படித்து அதன்படி வெட்டும் இயந்திரத்துக்கு ஒரு கட்டுப்பாட்டுக் கருவியையும், கப்பலின் வடிவத்தைக் கணக்காக வைத்துக்கொள்ளும் 'ஆட்டோகான்' என்ற புரோகிராமையும் உருவாக்கினார்கள். அந்தக் கருவியின் பெயர் 'எஸ்ஸி'. அந்தப் பெயரில் உள்ள குறியீட்டு மொழியைப் புரிந்துகொள்ளும் வெட்டு இயந்திரங்கள் இன்றும் உண்டு.

ஸ்வீடனில் மால்மோ நகரத்து கோக்கம்ஸ் தளம் தன் பங்குக்கு 'ஸ்டீர்பேர்' என்ற அமைப்பை உருவாக்கியது. வரைபடமே எண்ணாக மாறியபின் மரப் டெம்ப்ளேட்டுக்கு வேலையில்லை. லாஃப்ட் கூடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஆயுள் முழுவதும் வளைவைக் கண்ணால் பழகியவர்களில் சிலர் கணிப்பொறி அறைக்குப் போனார்கள். பலர் வீட்டுக்குப் போனார்கள். இந்தச் சரித்திரத்தைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

தொழிலாளிக்கு மட்டுமா அந்தக் கதி? ஆசியத் தளங்களின் போட்டியில் கோக்கம்ஸின் வணிகக் கப்பல் தளமே 1980-களின் பிற்பகுதியில் மூடப்பட்டது. அங்கே 138 மீட்டர் உயரத்துக்கு நின்ற ராட்சத கிரேன் 2002-ல் ஒரே ஒரு டாலர் விலைக்குத் தென் கொரியாவின் ஹூண்டாய் கம்பெனிக்குப் போய், இப்போது உல்சானில் நிற்கிறது. அங்கேயே அதை 'மால்மோவின் கண்ணீர்' என்கிறார்கள். ஆனால் கோக்கம்ஸின் கணிப்பொறிப் பிரிவு தப்பித்தது. ஸ்டீர்பேரும் நார்வேயின் ஆட்டோகானும் 'ட்ரைபான்' என்ற அமைப்பில் ஒன்றாகின. 2004-ல் பிரிட்டனின் அவேவா நிறுவனம் அதை வாங்கியது. தளம் போய், கிரேனும் போய், தகட்டை எப்படி வெட்டுவது என்ற அறிவு மட்டும் ஊர் ஊராகப் பிழைத்துக்கொண்டது.

இயந்திரம் அடுக்குகிறது, ஓரளவுக்கு

முதல் காலப் புரோகிராம்களில் வெட்டுவதுதான் எண். அடுக்குவது பெரும்பாலும் மனிதன்தான். இதில் என்ன கஷ்டம்? வெறும் 10 துண்டுகளை எந்த வரிசையில் வைப்பது என்று பார்த்தாலே 36,28,800 வழிகள். ஒவ்வொன்றையும் நாலு பக்கம் திருப்பலாம் என்றால் அதை 10,48,576-ஆல் பெருக்க வேண்டும். எந்தக் கணிப்பொறியும் முழுசாகத் தேடி முடிக்காது.

ஆகவே குறுக்கு வழி தேடினார்கள். ஒரு துண்டை நிறுத்தி வைத்து, இன்னொரு துண்டைத் திருப்பாமல், அதை ஒட்டியபடியே ஒரு சுற்று நகர்த்தினால், நகரும் துண்டின் ஒரு புள்ளி ஓர் எல்லைக்கோடு வரையும். அந்தக் கோட்டுக்கு உள்ளே புள்ளி போனால் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன, கோட்டின்மேல் இருந்தால் சரியாகத் தொடுகின்றன என்று அர்த்தம். இந்த எளிய யோசனையை 1960-களிலும் 70-களிலும் வளர்த்தார்கள். ஆடமோவிச், அல்பானோ இருவரும் 1976-ல் எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. உலோகத்தைச் சூடாக்கி மெல்லக் குளிரவைப்பதைப் பார்த்து உண்டான தேடல் முறை 1983-ல் வந்தது. பரிணாமத்தைப் போலச் செய்யும் முறைகளும் சேர்ந்தன. இன்று ஒரு பட்டனைத் தட்டிவிட்டு டீ குடித்து வருவதற்குள் அடுக்கி வைத்துவிடும். வெட்டும் சுடரின் அகலம், துண்டுகளுக்கிடையே விடவேண்டிய இடைவெளி, சூட்டில் தகடு கோணாமல் இருக்க எதை முதலில் வெட்டுவது என்பதையெல்லாம்கூடச் சொல்லிக் கொடுக்கலாம்.

நான் பட்ட அடி

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தளத்தில் எனக்கு நெஸ்டிங் பொறுப்பு தந்தார்கள். சாஃப்ட்வேர் கையில், சதவீதம் திரையில். பச்சை எழுத்தில் அந்த எண் ஏறுவதைப் பார்ப்பது ஒரு போதை. தகட்டின் மூலையில் இடம் காலியாக இருந்தால் எனக்குப் பொறுக்காது. கப்பலைப் பெரிய பெரிய பிளாக்குகளாகக் கட்டுவார்கள். மூன்று மாதம் கழித்துக் கட்டப்போகும் பிளாக்கின் பிராக்கெட்டுகளையெல்லாம் எடுத்து, இன்றைய பிளாக்கின் தகட்டு மூலைகளில் நிரப்பினேன். பழைய கப்பலைவிட நல்ல சதவீதம். மேனேஜரும் தட்டிக் கொடுத்தார்.

மூன்று மாதம் ஆனது. அந்த பிராக்கெட்டுகள் எங்கே? மழையிலும் உப்புக் காற்றிலும் யார்டின் மூலையில் குவிந்து கிடந்தன. பெயின்ட்டில் எழுதிய நம்பர் அழிந்திருந்தது. இது எந்த பிளாக், இடமா வலமா, எந்தத் தர இரும்பு, தெரியவில்லை. கப்பலில் போடும் ஒவ்வொரு தகட்டுக்கும் ஆலையின் உருக்கு எண்ணும் சான்றும் இருக்க வேண்டும். ஊர் பேர் தெரியாத இரும்பை ஆய்வாளர் அனுமதிக்க மாட்டார். பாதியைப் புதுத் தகட்டில் மறுபடி வெட்டினோம். மிச்சப்படுத்தியதைப் போலப் பல மடங்கு போனது.

அங்கே ஒரு ஃபோர்மேன் இருந்தார், தூத்துக்குடிக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. சாக்பீஸும் கயிறும் வைத்து மார்க்கிங் செய்த காலத்து ஆள். அவர் என்னைத் திட்டவில்லை. குவியலைக் காட்டி, "தம்பி, தகட்டைக் காப்பாத்திட்டீய. கப்பல்லா நிக்குது. துண்டு வேணும்னா அது இருக்கிற இடம் தெரியணும்லா" என்றார். எனக்கு அப்போது லெனின்கிராட் கதை தெரியாது. பிறகு படித்தபோது அண்ணாச்சி முகம்தான் ஞாபகம் வந்தது. அங்கே ஸ்கிராப்பை அளந்தார்கள், நான் சதவீதத்தை அளந்தேன். இரண்டு பேருமே கப்பலை அளக்கவில்லை.

அதன்பிறகு நான் என் அடுக்கை முடிக்கும் முன் யார்டுக்கு ஒரு நடை போய்விட்டு வருவேன். எந்த பிளாக் எப்போது, கிரேன் எங்கே நிற்கிறது, வெட்டிய துண்டுகளை யார் எப்படிப் பிரிப்பார்கள் என்று கேட்பேன். சில சமயம் வேண்டுமென்றே ஒரு மூலையைக் காலியாக விட்டுவிடுவேன். மிஞ்சும் பெரிய துண்டுக்கு அப்போதே நம்பர் போட்டு, உருக்கு எண்ணையும் பதிந்து, கணக்கில் ஏற்றிவிடுவேன். திரையில் சதவீதம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் வெட்டியது வேண்டிய நாளில் கைக்குக் கிடைக்கிறது.

கழிவு எங்கே பிறக்கிறது?

நம் கொச்சியில் கட்டிய விமானந்தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்' 2022 செப்டம்பர் 2-ல் கடற்படையில் சேர்ந்தது. அதற்கான சிறப்பு எஃகை ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும் இந்திய எஃகு ஆணையமும் இங்கேயே உருவாக்கின. அந்தக் கப்பலுக்கு அடிச்சட்டம் வைத்தது 2009 பிப்ரவரியில். ஆனால் முதல் தகட்டை வெட்டியது 2005 ஏப்ரலிலேயே. முன்பெல்லாம் அடிச்சட்டம் வைக்கும் நாளைத்தான் கப்பலின் பிறந்த நாளாகக் கொண்டாடுவார்கள். இப்போது முதல் தகடு வெட்டும் விழாவும் அதே அளவுக்கு நடக்கிறது. பெரிய மனிதர் வந்து பட்டனை அழுத்துவார், சுடர் ஓடும், எல்லோரும் கை தட்டுவார்கள். அந்தத் தகட்டில் எவ்வளவு வீணாகப் போகிறது என்பது அதற்குப் பல நாள் முன்பே முடிவாகிவிட்டிருக்கும்.

ஆலைக்குத் தகடு ஆர்டர் கொடுக்கும்போதே பாதி முடிவாகிறது. உறுப்புகளின் அளவு தெரிந்து தகட்டின் நீள அகலத்தைக் கேட்டு வாங்கினால் ஒரு கதை, கிடைத்ததை வாங்கினால் வேறு கதை. அதற்கும் முன், வடிவமைப்பவர் ஒரே கப்பலில் எத்தனை வகைக் கனம் போடுகிறார் என்பதில் இருக்கிறது. வகை கூடக் கூட, துண்டுகள் ஒன்றையொன்று நிரப்பும் வாய்ப்புக் குறையும். ஒரு டன் எஃகு உருவாக ஏறக்குறைய 2 டன் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும் இந்தக் காலத்தில், இது பணக்கணக்கு மட்டும் அல்ல.

மெக்கானிக்கல், சிவில், கணிப்பொறி என்று எந்தப் பிரிவில் இருந்தாலும் தம்பி தங்கைகளே, ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். லீனியர் புரோகிராமிங்கை மார்க்குக்காகப் படித்தாலும் சரி, அது ஒரு ஒட்டுப்பலகைத் தொழிலின் சந்தேகத்திலிருந்து பிறந்தது என்பதை மறக்காதீர்கள். சாஃப்ட்வேர் காட்டும் சதவீதத்தைப் பார்த்தபின் ஒரு நடை யார்டுக்குப் போங்கள். அங்கே ஓர் அண்ணாச்சி கண்டிப்பாக இருப்பார்.

எனக்குத் தகட்டின் ஓரத்தைக் காட்டிய இன்ஸ்ட்ரக்டர் ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. இந்தச் சந்திப்புக்கு அவர் வந்தால், சார், நான் இப்பவும் ஓரத்துலேருந்துதான் ஆரம்பிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னதில் முக்கியமானது ஓரம் அல்ல, அடுத்தவனுக்கும் இடம் வேண்டும் என்ற பின்பாதிதான் என்று புரிய எனக்கு ஒரு குவியல் துருப்பிடித்த பிராக்கெட் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.